காயில் கருகுவது ஏன்? ஆம்ப், பாக்ஸ் பாதுகாப்பு: வாசகர் கேள்வி பதில்

மாரியம்மன் பண்டிகை, பாரதக் கூத்து, எருது விடும் விழா, ஆடிப்பெருக்கு என்று தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் மைக் செட்டுக்கு ஓய்வில்லாத மாதங்கள் நிறைய. அதனாலோ என்னவோ, இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஓவர்லோடு பற்றியவை. ஸ்பீக்கருக்குள் இருக்கும் கம்பிச்சுருளான காயில் போனது, ட்வீட்டரில் அதிர்ந்து ஒலி எழுப்பும் மெல்லிய டயஃப்ரம் போனது, ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்) நடுராத்திரியில் நின்றது. ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறோம். கேட்டவர்களின் ஊரை மட்டும் போட்டிருக்கிறோம்.

கேள்வி: என்னிடம் 500 வாட் டாப் பாக்ஸ் (பேஸ் பாக்ஸோடு சேர்த்து ஓட்டும், ட்வீட்டர் உள்ள பெட்டி) இருக்கிறது. 'பாக்ஸை விட ஆம்ப் சின்னதாக இருந்தால் பயமில்லை' என்று சொன்னதால் 250 வாட் ஆம்ப்தான் போட்டிருக்கிறேன். இருந்தும் ஒரே சீசனில் மூன்று முறை ட்வீட்டர் (ட்ரெபிள் ஸ்பீக்கர்) டயஃப்ரம் மாற்றிவிட்டேன். பேஸ் ஸ்பீக்கருக்கு ஒன்றும் ஆகவில்லை. எங்கே தவறு? (பாலக்கோடு)

உங்களுக்குச் சொன்னது பேஸ் ஸ்பீக்கருக்கு ஓரளவு பொருந்தும். ட்வீட்டருக்குப் பொருந்தவே பொருந்தாது. இந்த ஒரு தவறான நம்பிக்கையால் கருகிய டயஃப்ரம்கள் கொஞ்சநஞ்சமல்ல.

ஆம்ப்பின் சப்ளை வோல்டேஜ்தான் அதன் கூரை. 8 ஓம் பாக்ஸில் 250 வாட் தரும் ஆம்ப்புக்கு அந்தக் கூரை, அலையின் உச்சத்தில், ஏறத்தாழ 63 வோல்ட். பாட்டின் அலை அதைத் தொட்டதும் மேலே போக வழியில்லாமல் தலை தட்டையாகிவிடும். அதுதான் கிளிப்பிங். பாட்டில் பெரிய அலை எப்போதும் பேஸ்தான். ட்ரெபிள் அதன்மேல் சிறு நெளிவாக வருகிறது. கூட்டம் சேர்ந்து சத்தம் போதவில்லை என்றதும் மிக்சரில் ஏற்றுகிறீர்கள். பேஸ் ஏற்கெனவே கூரையில் முட்டி நிற்பதால் அது ஏறாது. ட்ரெபிளுக்கு இடம் இருக்கிறது, அது ஏறிக்கொண்டே போகும். கிளிப் ஆகாமல் ஓட்டும்போது ட்வீட்டருக்குச் சராசரியாக 3 வாட் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 10 டெசிபல் ஏற்றினால் அது 10 மடங்கு, அதாவது 30 வாட். காதுக்கு அது இரண்டு மடங்கு சத்தமாகத்தான் கேட்கும், ஆனால் டயஃப்ரத்தின் மெல்லிய காயிலுக்குப் பத்து மடங்கு சூடு. தலை தட்டையான பேஸ் அலையிலிருந்து புதிதாகக் கிளம்பும் மேல் அலைவரிசைகளும், பேஸையும் ட்ரெபிளையும் பிரித்து அனுப்பும் கிராஸ்ஓவர் வழியாக ட்வீட்டருக்கே போய்ச் சேரும். பாட்டில் ஏற்ற இறக்கம் இருக்கும்வரை காயிலுக்கு மூச்சுவிட நேரம் கிடைக்கும். கிளிப்பிங்கில் அந்த இடைவெளி காணாமல் போகிறது.

'தட்டையான தலை டிசி (ஒரே திசையில் ஓடும் மின்சாரம்) ஆகிவிடும், அந்த டிசிதான் ட்வீட்டரை எரிக்கிறது' என்றும் சிலர் விளக்குவார்கள். அது சரியல்ல. ட்வீட்டருக்கு முன்னால் இருக்கும் கெப்பாசிட்டர் டிசியை விடாது. எரிப்பது சராசரி வாட்தான்.

முதலில் பாக்ஸின் பின்புற ஸ்டிக்கரைப் பாருங்கள். 500 / 1000 / 2000 என்று மூன்று எண் இருந்தால், முதல் எண்தான் தொடர்ந்து தாங்கும் வாட். இரண்டாவது அதன் இரு மடங்கு, மூன்றாவது நான்கு மடங்கு. விற்கும்போது மூன்றாவதைத்தான் சொல்வார்கள். தொடர் வாட் 500 என்றால் 750 முதல் 1000 வாட் வரையான ஆம்ப் போட்டு, லிமிட்டரை (சிக்னல் ஓர் எல்லையைத் தாண்டாமல் பிடிக்கும் அமைப்பை) கட்டாயம் வைப்பது சரியான வழி. ஆம்ப் மாற்றப் பணம் இல்லையா? இருக்கும் 250 வாட் ஆம்ப்பிலேயே ஓட்டலாம், ஆனால் சிவப்பு கிளிப் விளக்கு எப்போதாவது மின்னி மறையும் அளவோடு நிறுத்துங்கள். விளக்கு நின்று எரிந்தால் டயஃப்ரம் போகப்போகிறது என்று அர்த்தம்.

செலவு குறைந்த ஒரு காவலும் உண்டு. பாக்ஸுக்குள் ட்வீட்டருக்குப் போகும் வயரில் 24 வோல்ட் 21 வாட் லாரி இண்டிகேட்டர் பல்பு ஒன்றைத் தொடராக வையுங்கள். ஆறியிருக்கும்போது அதன் தடை 2.5 ஓம் அளவுதான், முழுதாக எரியும்போது 27 ஓம். சாதாரணச் சத்தத்தில் ட்ரெபிள் 2 டெசிபலுக்குச் சற்று மேல் குறையும். அளவு மீறும்போது பல்பு எரிந்து சூட்டைத் தான் வாங்கிக்கொள்ளும். பல்பை மரத்திலும் பஞ்சிலும் படாமல் பீங்கான் ஹோல்டரில் பொருத்துங்கள். ஓட்டத்தில் பாக்ஸுக்குள் வெளிச்சம் தெரிந்தால் உடனே சத்தத்தைக் குறைத்துவிடுங்கள்.

கேள்வி: டிஎஸ்பி (லிமிட்டர், கிராஸ்ஓவர் எல்லாம் உள்ள டிஜிட்டல் கருவி) வாங்கிவிட்டேன். லிமிட்டரை எந்த எண்ணில் வைப்பது? ஆளுக்கு ஒரு எண் சொல்கிறார்கள். (காவேரிப்பட்டினம்)

ஆளுக்கு ஒரு எண் சொல்வது இயல்புதான். எண் உங்கள் பாக்ஸையும் உங்கள் ஆம்ப்பின் கெயினையும் (சிக்னலை எத்தனை மடங்கு பெருக்குகிறது என்பதையும்) பொறுத்தது. அடுத்தவர் செட்டின் எண் உங்களுக்கு உதவாது. மீட்டர் வைத்து நீங்களே அமைத்துவிடுங்கள், அரை மணி நேர வேலை.

பாக்ஸின் தொடர் வாட்டை ஓமால் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் வோல்ட் வரும். 500 வாட், 8 ஓம் என்றால் பெருக்கல் 4000, வர்க்கமூலம் 63 வோல்ட். இது ஏசி மீட்டர் காட்டும் வோல்ட், முன்பு சொன்ன அலை உச்சத்தின் 63 அல்ல. ஒரே சேனலில் இரண்டு பாக்ஸ் இணையாகப் போட்டாலும் இதே 63 வோல்ட்தான். இங்கேதான் பலர் இரட்டிப்பாக்கி ஏமாறுகிறார்கள். இணையாகப் போட்ட பாக்ஸ்களுக்குப் போவது ஒரே வோல்டேஜ், கரண்ட்தான் கூடுகிறது.

ஆம்ப்பிலிருந்து ஸ்பீக்கர் வயர்களை முழுவதும் கழற்றுங்கள். ஆம்ப்பின் வால்யூம் குமிழை முழுவதும் திறந்து வையுங்கள். குமிழைப் பாதியில் வைத்து அமைத்தால், விழா அன்று யாராவது திருகிய நொடியில் எல்லாக் கணக்கும் வீண். செல்போனில் பேஸுக்கு 60 ஹெர்ட்ஸ் டோன் போடுங்கள். கிராஸ்ஓவர் பாக்ஸுக்குள்ளேயே இருக்கும் டாப்புக்கு 200 ஹெர்ட்ஸ் போதும். விலை குறைந்த மல்டிமீட்டர்கள் 400 ஹெர்ட்ஸுக்கு மேல் தவறாகக் காட்டும், அதனால்தான் இந்த அலைவரிசைகள். மீட்டரை ஏசி 200 வோல்ட்டில் வைத்து ஆம்ப் அவுட்புட்டில் பிடியுங்கள். முனையைக் கையால் தொடாதீர்கள், 63 வோல்ட் ஏசி நன்றாகவே ஷாக் அடிக்கும்.

லிமிட்டரின் எல்லையை உச்சத்துக்கு ஏற்றி ஒதுக்கிவிட்டு, மிக்சரில் மெதுவாக ஏற்றி மீட்டரில் 63 வர விடுங்கள். மிக்சரிலோ ஆம்ப்பிலோ சிவப்பு எரியக்கூடாது. 63க்கு முன்பே ஆம்ப் சிவப்புக் காட்டினால் ஆம்ப்தான் சிறியது. அப்போது ஆம்ப்பின் கூரைக்குச் சற்றுக் கீழே எல்லையை வைக்க வேண்டும். 63 வந்ததும் லிமிட்டர் எல்லையைக் கீழே இறக்குங்கள். லிமிட்டர் விளக்கு எரிந்து மீட்டர் அசையத் தொடங்கும் இடம்தான் உங்கள் எண். சோதித்துப் பார்க்க, மிக்சரில் இன்னும் 6 டெசிபல் ஏற்றுங்கள். மீட்டர் 63ஐ ஒட்டியே நிற்க வேண்டும்.

மீட்டர் இல்லாமல் கணக்கிலும் வரலாம். ஆம்ப்பின் கெயின் 32 டெசிபல் என்றால் 40 மடங்கு. 63ஐ 40ஆல் வகுத்தால் 1.58 வோல்ட். டிஎஸ்பி திரையில் அது +6 டிபியு (சிக்னல் அளவைக் காட்டும் அலகு). 26 டெசிபல் ஆம்ப்பில் 20 மடங்குதான், அங்கே எண் +12 ஆகிவிடும். ஆளுக்கு ஒரு எண் வருவது இதனால்தான்.

உங்கள் டிஎஸ்பியில் பீக் (நொடிநேர உச்சம்), ஆர்எம்எஸ் (சராசரி அளவு) என்று இரண்டு லிமிட்டர் இருந்தால், மேலே சொன்னதை பீக் லிமிட்டருக்கு வையுங்கள். ஆர்எம்எஸ் லிமிட்டரை 3 டெசிபல் கீழே, அதாவது 45 வோல்ட்டில் வையுங்கள். பீக் லிமிட்டர் கோன் கிழிவதைத் தடுக்கிறது, ஆர்எம்எஸ் லிமிட்டர் காயில் சூடாவதைத் தடுக்கிறது. விடிய விடிய ஓடும் நிகழ்ச்சியில் இரண்டாவதுதான் முக்கியம். பேஸுக்கு அட்டாக் (லிமிட்டர் பிடிக்க எடுக்கும் நேரம்) சுமார் 16 மில்லி செகண்ட், ரிலீஸ் (விட எடுக்கும் நேரம்) 250. டாப்புக்கு 2 மில்லி செகண்ட், ரிலீஸ் 30. பேஸுக்கு அட்டாக்கை மிக வேகமாக வைத்தால் லிமிட்டரே அலையின் தலையைச் சிதைத்து கரகரப்பை உண்டாக்கும்.

அப்படியே பேஸ் பாக்ஸுக்கு 35 அல்லது 40 ஹெர்ட்ஸில் ஹைபாஸ் (அதற்குக் கீழான ஒலியை வெட்டும் வடிகட்டி) வைத்துவிடுங்கள். துளை வைத்த பாக்ஸில், அதன் டியூனிங்குக்குக் கீழே காற்றின் பிடி போய்விடும். சத்தமே கேட்காமல் கோன் மட்டும் முன்னும் பின்னும் தாவி, காயில் பின்தட்டில் மோதும். இந்த மோதலை லிமிட்டர் முழுதாகத் தடுக்காது.

கேள்வி: ஆம்ப் வால்யூமைப் பாதியில் வைத்திருந்தால் பாக்ஸுக்குப் பாதுகாப்பு இல்லையா? (அரூர்)

இல்லை. அந்தக் குமிழ் ஆம்ப்பின் சக்தியைக் குறைப்பதில்லை, உள்ளே வரும் சிக்னலைத்தான் குறைக்கிறது. மிக்சரில் ஏற்றினால் பாதிக் குமிழிலும் முழு வாட் வரும். இன்னும் மோசம், மிக்சரே கிளிப் ஆகத் தொடங்கும். அப்போது ஆம்ப்பில் பச்சை விளக்குத்தான் எரியும், ஆனால் பாக்ஸுக்குப் போவது தட்டை அலை. மிக்சர் சேனல்களில் சிவப்பு வருகிறதா என்று அடிக்கடி பாருங்கள்.

கேள்வி: நாங்களே அசெம்பிள் செய்த ஆம்ப், 5200, 1943 டிரான்சிஸ்டர், பிளஸ் மைனஸ் 70 வோல்ட் சப்ளை. யுபிசி 1237 ஐசி வைத்த புரொடெக்‌ஷன் போர்டும் ரிலேவும் இருக்கிறது. ஒரு டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆனபோது ரிலே 'டிக்' என்று விழுந்த சத்தம் கேட்டது, ஆனாலும் 18 அங்குல ஸ்பீக்கர் கருகிவிட்டது. ரிலே விழுந்தும் எப்படிப் போனது? (ஊத்தங்கரை)

ரிலே விழுந்தது, கரண்ட் நிற்கவில்லை. உங்கள் ரிலேவின் மேல் எழுதியிருப்பதைப் படியுங்கள்: 10 ஆம்பியர் 250 வோல்ட் ஏசி, 10 ஆம்பியர் 30 வோல்ட் டிசி. ஏசி ஒரு நொடிக்கு நூறு முறை பூஜ்யத்தைத் தொடுவதால் காண்டாக்ட் பிரியும்போது எழும் தீப்பொறி தானாக அணையும். டிசிக்கு அந்த வசதி இல்லை. ஷார்ட் ஆன டிரான்சிஸ்டர் வழியாக 70 வோல்ட் டிசி நேராக ஸ்பீக்கருக்கு வருகிறது. 6 ஓம் காயிலில் 11 ஆம்பியருக்கு மேல். காண்டாக்ட் பிரிந்தாலும் நடுவில் வெல்டிங் போல ஆர்க் நின்று எரிகிறது. அதன் வழியாகவே கரண்ட் ஓடி காயிலில் 800 வாட்டுக்கு மேல் இறங்குகிறது. கோன் அசைந்தால் காற்றாவது ஆற்றும். டிசியில் கோன் ஒரே பக்கம் தள்ளி நின்றுவிடுவதால் அதுவும் இல்லை. சப்ளையில் 8 ஆம்பியர் ஃபியூஸ் இருந்தாலும் 11 ஆம்பியருக்கு அது உடனே போகாது. ஃபியூஸ் யோசித்துக்கொண்டிருக்கும் நேரத்தில் காயில் புகைந்துவிடும்.

ரிலேவின் மூன்று காண்டாக்ட் முனைகளை இப்படி மாற்றிப் பாருங்கள். பொது முனையில் ஸ்பீக்கரின் பிளஸ். ரிலே இழுக்கும்போது சேரும் முனையில் ஆம்ப் அவுட்புட். ரிலே விழும்போது சேரும் முனை பெரும்பாலான போர்டுகளில் சும்மா கிடக்கும். அதைத் தடித்த வயரால் சப்ளையின் கிரவுண்டுக்கு, பெரிய கெப்பாசிட்டர்கள் சேரும் இடத்துக்கே, கொண்டுபோங்கள். இப்போது ரிலே விழுந்தால் ஸ்பீக்கரின் இரண்டு முனையும் கிரவுண்டில் சேர்ந்துவிடும். ஆர்க் தொடர்ந்தாலும் கரண்ட் ஸ்பீக்கரைத் தொடாமல் கிரவுண்டுக்குப் பாயும், சப்ளை ஃபியூஸும் உடனே போகும். ரிலே ஒன்று பாழாகும், ஸ்பீக்கர் பிழைக்கும். இன்னும் பெரிய சப்ளை வைத்தவர்கள் ரிலேவுக்குப் பதில் மாஸ்ஃபெட் ஸ்விட்ச் போர்டு போடுவது நல்லது. அதில் ஆர்க் என்ற பேச்சே இல்லை.

போர்டு உண்மையிலேயே வேலை செய்கிறதா என்று சீசனுக்கு முன் சோதியுங்கள். ஆம்ப்பின் அவுட்புட் வயரையும் ஸ்பீக்கரையும் போர்டிலிருந்து கழற்றிவிட்டு, போர்டுக்கு மட்டும் சப்ளை கொடுங்கள். ரிலே இழுத்ததும், ஆம்ப் வயர் வரும் இடத்தில் 9 வோல்ட் பேட்டரியின் பிளஸையும் கிரவுண்டில் மைனஸையும் வையுங்கள். ஒரு நொடிக்குள் ரிலே விழ வேண்டும். பிறகு பேட்டரியைத் திருப்பி வைத்துப் பாருங்கள், அப்போதும் விழ வேண்டும். ஒரு பக்கத்துக்கு மட்டும் விழும் போர்டுகள் நிறைய இருக்கின்றன. ஐசியின் 2ஆம் காலுக்கு வரும் ரெசிஸ்டரையும் கெப்பாசிட்டரையும் அங்கே சோதியுங்கள்.

டிரான்சிஸ்டர் பற்றி ஒரு வார்த்தை. 5200, 1943 என்று எழுதிய போலிகள் ஏராளம். அசலில் உள்ளே இருக்கும் சிலிக்கன் சில்லு பெரியது. போலியில் அது மிகச் சிறியது, மீட்டரில் நல்லதாகவே காட்டி லோடில் வெடிக்கும். விலை சந்தேகப்படும்படி குறைவாக இருந்தால் வாங்காதீர்கள். பிளஸ் மைனஸ் 70 வோல்ட்டில் 100 வாட்டுக்கு ஒரு ஜோடி என்ற கணக்கில் போடுங்கள். ஒவ்வொன்றின் எமிட்டரிலும் 0.22 ஓம் 5 வாட் ரெசிஸ்டர் இல்லாமல் இணையாகப் போடவே கூடாது. அது இல்லாவிட்டால் அதிகம் சூடாகும் ஒன்றே மேலும் மேலும் கரண்ட்டை இழுத்து முதலில் சாகும்.

கேள்வி: ஒரு சேனலில் நான்கு பாக்ஸ் போடுகிறோம். இரவு பத்து மணிக்கு மேல் ஆம்ப் 'புரொடெக்ட்' விளக்கோடு நின்றுவிடுகிறது, பத்து நிமிடம் கழித்துத் தானாக வருகிறது. (போச்சம்பள்ளி)

நான்கு 8 ஓம் பாக்ஸ் இணையாகப் போட்டால் 2 ஓம். உங்கள் ஆம்ப்பின் பின்னால் 'குறைந்தபட்சம் 4 ஓம்' என்று போட்டிருந்தால் அது இரு மடங்கு கரண்ட் தந்துகொண்டிருக்கிறது. ஆறியதும் திரும்ப வருகிறதே, அது சூட்டுக்கு நின்றது என்பதற்கு அடையாளம். ஆறினாலும் வராமல் இருந்தால் ஷார்ட் அல்லது டிசி.

சேனலுக்கு இரண்டு பாக்ஸாகப் பிரியுங்கள். முடியாவிட்டால் இரண்டு இரண்டாகத் தொடரில் சேர்த்து, அந்த இரண்டு ஜோடியையும் இணையாக்குங்கள், மறுபடி 8 ஓம் வரும். நான்கும் ஒரே மாடலாக இருக்க வேண்டும். பிரிட்ஜ் முறையில் (ஆம்ப்பின் இரண்டு சேனலையும் ஒன்றாக்கி) ஓட்டுபவர்கள் கவனியுங்கள்: ஒவ்வொரு பாதியும் லோடின் பாதி ஓமைத்தான் பார்க்கிறது. 4 ஓம் ஆம்ப்பை பிரிட்ஜில் போட்டால் 8 ஓமுக்குக் கீழே போகக்கூடாது. இணைக்கும் முன் மல்டிமீட்டரில் பாருங்கள், ஆறிய 8 ஓம் பாக்ஸ் 5.5 முதல் 6.5 வரை காட்டும். இரண்டு இணைந்தால் 3 ஓம் அளவில் இருக்க வேண்டும். 1 ஓமுக்குக் கீழே காட்டினால் வயர் எங்கோ ஷார்ட்.

இரவு ஏறஏறச் சத்தம் குறைவதாகத் தோன்றுவதற்கும் காரணம் உண்டு. செம்புக் காயில் சூடாகும்போது தடை ஏறும். ஆறியிருக்கும்போது 6 ஓம் இருந்தது 180 டிகிரி சூடு கூடினால் 10 ஓமைத் தொடும். வாட் உள்ளே போகாது, சத்தம் இறங்கும். ஆபரேட்டர் அதைப் பார்த்து இன்னும் ஏற்றுவார். பத்து மணிக்கு மேல் பாக்ஸ் போவதற்கு இந்த ஏற்றம்தான் பெரும்பாலும் காரணம். சத்தம் போதவில்லை என்றால் பாக்ஸின் எண்ணிக்கையைக் கூட்டுங்கள், மிக்சரை அல்ல. சட்டப்படியும் ஒலி மாசு விதிகள் 2000ன் கீழ், சிறப்பு அனுமதி பெறாத இடத்தில் இரவு 10 முதல் காலை 6 வரை வெளியில் ஒலிபெருக்கி கூடாது.

வயரையும் பாருங்கள். 30 மீட்டர் தூரத்துக்கு 1 சதுர மில்லிமீட்டர் வயர் போட்டால் போக வரச் சேர்த்து 1 ஓம் தடை. 4 ஓம் லோடில் பாக்ஸுக்குப் போகும் வாட்டில் 37 சதவீதம் குறைந்துவிடும். 2.5 சதுர மில்லிமீட்டரில் இழப்பு 18 சதவீதம், 4 போட்டால் இன்னும் குறைவு. ஆம்ப்பைப் பாக்ஸுக்கு அருகில் வைப்பது எல்லாவற்றிலும் நல்லது.

ஃபேன் வடிகட்டியைக் கழற்றித் தட்டுங்கள். மண் தரையில், வண்டிகள் போகும் புழுதியில் ஓடும் ஆம்ப்புக்கு இரண்டு நிகழ்ச்சிக்கு ஒரு முறை புளோயர் அடிப்பது அவசியம். ரேக்கின் முன்னும் பின்னும் திறந்திருக்கட்டும், பனிக்காக மேலே தார்ப்பாய் போர்த்த வேண்டாம். அசெம்பிள் செட் என்றால் ஹீட்சிங்கில், டிரான்சிஸ்டரை ஒட்டி, 85 டிகிரியில் திறக்கும் கேஎஸ்டி 301 தெர்மல் ஸ்விட்ச்சை ரிலே காயிலுக்குத் தொடராக வையுங்கள்.

கேள்வி: மலையடிவாரக் கோயில்களில் கோன் குழாய்தான் (ஹார்ன் ஒலிபெருக்கிதான்) கேட்கிறார்கள். குழாயின் பின்னால் இருக்கும் யூனிட் அடிக்கடி போகிறது. (வேப்பனப்பள்ளி)

முதலில் அனுமதிச் சீட்டைப் படியுங்கள். பாக்ஸ் வகை மட்டும் என்று எழுதியிருந்தால் குழாய் கட்ட வேண்டாம்.

யூனிட்டைக் கொல்வது பேஸ். அதன் டயஃப்ரம் கால் மில்லிமீட்டர் அளவில் அசையத்தான் செய்யப்பட்டது. குழாய் தன் அளவுக்குக் கீழான பேஸை வெளியே தள்ளாது, டயஃப்ரம் மட்டும் வீணாகக் குதித்து உடையும். நேராக இணைக்கும் 16 ஓம் யூனிட்டுக்கு 33 மைக்ரோ ஃபாரட், 100 வோல்ட், துருவமில்லாத கெப்பாசிட்டரைத் தொடரில் போடுங்கள். 300 ஹெர்ட்ஸுக்குக் கீழ் குறைந்துவிடும், பேச்சுக்கும் பாட்டுக்கும் எந்தக் குறையும் தெரியாது. துருவம் உள்ள சாதாரணக் கெப்பாசிட்டர் வேண்டாம், வெடிக்கும்.

100 வோல்ட் லைனில் (ஆம்ப்பின் 100 வோல்ட் அவுட்புட்டில்) டிரான்ஸ்ஃபார்மர் வைத்து ஓட்டினால், அதில் 30 வாட் என்று குறித்த முனையின் (டேப்பின்) தடை 333 ஓம். அங்கே 2.5 மைக்ரோ ஃபாரட் போதும். சீலிங் ஃபேனுக்குப் போடும் 440 வோல்ட் கெப்பாசிட்டரே சரியாகப் பொருந்தும், எந்த எலெக்ட்ரிகல் கடையிலும் கிடைக்கும். 190 ஹெர்ட்ஸில் வெட்டும், டிரான்ஸ்ஃபார்மர் பேஸில் திணறுவதும் நிற்கும். எல்லா யூனிட்டின் டேப் வாட்டையும் கூட்டினால் ஆம்ப் வாட்டில் 80 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. 250 வாட் ஆம்ப்புக்கு 200 வாட். டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத 16 ஓம் யூனிட்டைத் தவறி 100 வோல்ட் முனையில் செருகினால் 600 வாட்டுக்கு மேல் பாயும், ஒரே 'படக்'கில் முடிந்துவிடும். இரண்டு வகை வயருக்கும் வேறு வேறு நிற இன்சுலேஷன் டேப் சுற்றி வையுங்கள்.

கேள்வி: கூத்து மேடையில் நான்கு மைக் தொங்கவிடுகிறோம். 'கூ...' என்று விசில் வந்தால் பாக்ஸுக்கு ஆபத்தா? (பென்னாகரம்)

பெரிய ஆபத்து. பாட்டில் ஏற்ற இறக்கம் இருக்கும், விசிலில் கிடையாது. ஆம்ப்பின் முழு வாட்டும் ஒரே சுருதியில், பெரும்பாலும் ட்வீட்டர் பகுதியில், நிற்காமல் இறங்கும். ஐந்து நொடி போதும். திறந்திருக்கும் மைக் ஒவ்வொரு முறை இரட்டிப்பாகும்போதும் 3 டெசிபல் இடம் போகிறது. நான்கில் தேவையான ஒன்றை மட்டும் திறந்தால் 6 டெசிபல் லாபம். பாக்ஸ்களை மைக்குக்கு முன்னால், கூட்டத்தின் பக்கம் தள்ளி வையுங்கள். முகவீணைக்கும் மிருதங்கத்துக்கும் தனி மைக் இருந்தால் தொங்கும் மைக்கை இறக்கி ஓட்டலாம். நிகழ்ச்சிக்கு முன் வேண்டுமென்றே மெதுவாக ஏற்றி முதல் விசில் வரும் சுருதியைக் கண்டு, அதை மட்டும் ஈக்வலைசரில் 6 டெசிபல் இறக்கிவிடுங்கள்.

கேள்வி: ஜெனரேட்டரில் ஓடும்போதும், லைனில் வோல்டேஜ் ஆடும்போதும் ஆம்ப் போகிறது. என்ன செய்யலாம்? (நல்லம்பள்ளி)

வோல்டேஜ் ஏறினால் ஆம்ப் போகும், இறங்கினால் பாக்ஸ் போகும். பிளஸ் மைனஸ் 70 வோல்ட் தரும் டிரான்ஸ்ஃபார்மருக்கு 230க்குப் பதில் 270 வந்தால் உள்ளே 82 ஆகிவிடும். 80 வோல்ட் கெப்பாசிட்டர் உப்பும், டிரான்சிஸ்டரின் தாங்குதிறனும் நெருக்கடிக்கு வரும். 170க்கு இறங்கினால் உள்ளே 52 வோல்ட்தான். முழு வாட்டில் ஏறக்குறைய பாதிதான் கிடைக்கும், நீங்கள் அறியாமலே கிளிப்பிங்கில் ஓட்டுவீர்கள். மீட்டரைக் கண்ணில் படும்படி ரேக்கிலேயே பொருத்துங்கள். 180க்குக் கீழும் 260க்கு மேலும் தானாக வெட்டும் ஓவர்-அண்டர் வோல்டேஜ் கட்டாஃப் கட்டாயம். மீண்டும் சேர்க்க இரண்டு நிமிடத் தாமதம் வையுங்கள்.

எல்லாவற்றிலும் கொடியது நியூட்ரல் கழன்று போவது. மூன்று ஃபேஸ் லைனில் நியூட்ரல் விட்டால் இரண்டு ஃபேஸுக்கு நடுவில் உள்ள 415 வோல்ட், லோடைப் பொறுத்துப் பங்கு பிரியும். ஹாலஜன் விளக்குகள் ஒரு ஃபேஸிலும் உங்கள் ரேக் இன்னொரு ஃபேஸிலும் இருந்தால், உங்கள் பக்கம் 350க்கு மேல் வரக்கூடும். நியூட்ரல் முனையைச் சுற்றிக் கட்டாமல் லக் போட்டு முறுக்குங்கள், நிகழ்ச்சிக்கு முன் ஒவ்வொரு ஃபேஸிலும் அளந்து பாருங்கள். கொக்கி போட்டு லைன் எடுக்கவே வேண்டாம். அதில் ஆம்ப் மட்டுமல்ல, ஆளும் போவார். மின்வாரியத்தில் தற்காலிக இணைப்பு வாங்கலாம்.

ஜெனரேட்டர் ஓடி நிலைத்த பிறகே ஆம்ப்பை ஆன் செய்யுங்கள். சீரியல் செட்டும் விளக்குகளும் ஒரே ஜெனரேட்டரில் இருந்து, அவற்றை யாராவது ஒரேயடியாக அணைத்தால் அந்த நொடி வோல்டேஜ் குதிக்கும். முடிந்தால் சவுண்டுக்குத் தனி ஜெனரேட்டர். 'ஹம்' போவதற்காக எர்த் பின்னை வெட்டுவது மைக் பிடிப்பவரின் உயிரோடு விளையாடுவது. ஹம் சத்தத்துக்கு ஆடியோ வயரில் டிஐ பாக்ஸின் (சிக்னல் வயருக்கு நடுவில் வைக்கும் சிறு பெட்டியின்) கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்சைப் போடுங்கள், பவர் எர்த்தைத் தொடாதீர்கள். 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் வெட்டும் சுவிட்ச்) ஒன்று மேடை லைனில் இருக்கட்டும்.

கேள்வி: பெரிய டொராய்டல் (வளைய வடிவ) டிரான்ஸ்ஃபார்மர் ஆம்ப், ஆன் செய்ததும் எம்சிபி (அளவு மீறிய கரண்ட்டை வெட்டும் மெயின் சுவிட்ச்) விழுகிறது. (பர்கூர்)

உங்கள் ஆம்ப்பில் சாஃப்ட் ஸ்டார்ட் (தொடக்கக் கரண்ட்டை அடக்கும் அமைப்பு) இல்லை. மெயின் லைனில் 47 ஓம் 10 வாட் ரெசிஸ்டரைத் தொடரில் வைத்து, இரண்டு நொடியில் ஒரு ரிலே அதைக் குறுக்கே மூடும்படி செய்யுங்கள். தொடக்கக் கரண்ட் 5 ஆம்பியருக்குள் அடங்கும். ரிலே மூடாவிட்டால் ரெசிஸ்டர் தீயாகும், ஆகவே அதோடு ஒட்டி ஒரு தெர்மல் ஃபியூஸ் வையுங்கள். எம்சிபியைப் பெரிதாக மாற்றுவது தீர்வல்ல. அது வயரைக் காப்பதற்காக இருக்கிறது.

கேள்வி: ஸ்பீக்கரை ரீகோனிங்குக்கு (கோனும் காயிலும் மாற்றுவதற்கு) கொடுக்கும் முன், எதனால் போனது என்று நாமே கண்டுபிடிக்க முடியுமா? (ஓசூர்)

முடியும், கண்டுபிடிக்கவும் வேண்டும். காரணம் தெரியாமல் கோன் மாற்றினால் அடுத்த விழாவில் மறுபடி அதே செலவு.

கோனை இரண்டு கையாலும் சமமாக மெல்ல அழுத்துங்கள். உரசல் சத்தம் வந்தால் காயில் உருக்குலைந்திருக்கிறது. மூக்கை அருகில் கொண்டுபோங்கள், வார்னிஷ் கருகிய வாசனை இருக்கிறதா பாருங்கள். கழற்றியதும் காயிலின் நிறத்தைக் கவனியுங்கள். மேலிருந்து கீழ் வரை ஒரே மாதிரி பழுப்பேறி, சுற்றுகள் அவிழ்ந்திருந்தால் நீண்ட நேரச் சராசரி வாட்: ஆர்எம்எஸ் லிமிட்டர் இல்லை அல்லது கிளிப்பிங். காயிலின் ஒரு பாதி மட்டும் கருகி, மறுபாதி பளபளவென்று இருந்தால் கோன் ஒரு பக்கம் தள்ளி நின்றிருக்கிறது: டிசி. அப்படியானால் ஸ்பீக்கரை விட்டுவிட்டு முதலில் ஆம்ப்பைத் திறங்கள். நிறம் மாறாமல் காயிலின் அடிவிளிம்பு மட்டும் நசுங்கியிருந்தால் பின்தட்டில் மோதியிருக்கிறது: ஹைபாஸ் இல்லை. காயில் நன்றாக இருந்து, கோனுக்குப் போகும் பின்னல் வயர் மட்டும் அறுந்திருந்தால் அதிகப்படி அசைவு அல்லது வயது. அதற்கு ரீகோனிங் தேவையில்லை, புதிய பின்னல் வயர் பற்றவைத்தால் போதும்.

ஆம்ப்பைத் திறந்து டிரான்சிஸ்டர் மாற்றியவர்கள் நேராக மெயினில் செருகாதீர்கள். 100 வாட் குண்டு பல்பைத் தொடரில் வைத்து ஆன் செய்யுங்கள். பல்பு பளிச்சென்று எரிந்து மங்கினால் கெப்பாசிட்டர் நிரம்பியது, ஆம்ப் சரி. பளிச்சென்றே நின்றால் உள்ளே இன்னும் ஷார்ட் இருக்கிறது. மங்கிய பிறகு அவுட்புட்டில் டிசி அளவெடுங்கள். 50 மில்லி வோல்ட்டுக்குள் இருந்தால் மட்டும் ஸ்பீக்கர் வயரை மாட்டலாம்.